ஒசனாய் போட்ட பாதை

புதுப்பனியில் முன்னால் நடப்பவனுக்கு முழங்கால்தான் முதலில் வலிக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்காது, சசமோரி ஐயா. நீங்கள் ஜீப்பில் வருகிற போலீஸ்காரர். ஆனாலும் பொறுமையாகக் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

பனியில் புதையாமலிருக்கக் காலில் மர வளையத்தைக் கட்டிக்கொண்டாலும் ஒவ்வோர் அடிக்கும் பனியை மிதித்து அமுக்கித்தான் மேலே போக வேண்டும். பின்னால் வருபவனுக்கு அது நடைபாதை. அதனால் ஹக்கோதா மலையில் மாறி மாறி முன்னால் போவதுதான் முறை. எங்கள் ஊர் நருமி மட்டும் மாறவே மாட்டார். பதினொரு குளிர்காலமாக நான் கிளம்பி அரைமணி கழித்துக் கிளம்புவார். தலை நிமிராமல் என் தடத்திலேயே கால் வைத்து உச்சிக் குடிசைக்கு வந்து சேர்வார். அங்கே வருகிறவர்கள் எழுதுவதற்கென்று ஒரு நோட்டு உண்டு. ‘பாதை மிகச் சுலபம், களைப்பே இல்லை’ என்று அதில் எழுதுவார். அழகான கையெழுத்து.

ஏன் முன்னால் வருவதே இல்லை என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்தார்.

“நீங்க ரோடு போடப் பொறந்தவரு, ஒசனாய் அண்ணே. நான் நடக்கப் பொறந்தவன். நாளைக்குக் கொஞ்சம் அகலமாப் போடுங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. முயல்தான் ஞாபகம் வந்தது. நரி பின்தொடர்ந்தால் எங்கள் மலை முயல் தன் தடத்திலேயே பின்னோக்கி வந்து, ஒரே தாவலில் பக்கத்துப் புதருக்குள் போய்விடும். நரி வந்து பார்த்தால் தடம் நடுப்பனியில் முடிந்திருக்கும். நரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை நானும் அப்படிச் செய்தேன். மலைமுகட்டில் காற்று வெளியே பிதுக்கிவிட்ட பனி விளிம்பு இருக்கிறதே, அதன் ஓரத்துக்கு ஓரிரு அடி முன்புவரை போனேன். கீழே வெறும் பள்ளம். விளிம்பு என்னைத் தாங்கியது. பிறகு அதே தடங்களில் கால் வைத்து இருபது அடி பின்னால் வந்து, ஊசியிலை மரத்தடிக்குத் தாவினேன். அறுபத்தாறு வயதுக்கு நல்ல தாவல். கிளைகளுக்குள் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தேன்.

நருமி விசிலடித்துக்கொண்டு வந்தார். தடம் முடிகிற இடத்தில் விசில் நின்றது. அந்த முகத்துக்காகத்தானே இவ்வளவும். ஆசை தீரப் பார்த்தேன். அவர் மூன்று முறை என்னைக் கூப்பிட்டார். என் வாய் நிறையச் சோறு.

“அசையாமக் கெடங்க அண்ணே, நான் வர்றேன்” என்று பள்ளத்தைப் பார்த்துச் சொன்னார். பையிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு, என் கடைசித் தடத்தைத் தாண்டி ஓரடி வைத்தார். பதினொரு குளிர்காலத்தில் அப்போதுதான் எனக்கு முன்னால் போனார். அவர் என்னைவிடக் கனம். அது எனக்குத் தெரியும். விளிம்பு பெரிய சத்தமில்லாமல் உடைந்து அவரோடு போனது.

மீதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் நீங்கள் உடலை எடுத்தீர்கள்.

ஏன் குரல் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. கொடுத்திருந்தால், வீடு திரும்பும்போதும் என் தடத்தில்தானே நடந்திருப்பார்.