பாதிக்கு மேல வாய்ப்பு இருந்தா

இல்லம்மா, போன வைக்காதே. மறுபடி ஒரு தடவ மொதல்லருந்து பாலிசி நம்பர் சொல்லுன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சுடும். காலைலருந்து லைன்ல நீங்க போடற பாட்டுதான் கேட்டுட்டிருந்தேன். உன் பேரு என்ன சொன்னே, கெல்சியா? கெல்சி, நான் கெய்னர். கீத்லிலருந்து பேசறேன். ஆமா, வீட்டு இன்சூரன்ஸ்தான். அதுல வக்கீல் செலவுக்குன்னு தனியா சேர்த்துக் கட்டறோமில்ல, அது.

நிராகரிச்சுட்டீங்கன்னு எனக்கும் தெரியும்மா. கடுதாசி இங்கதான் இருக்கு. ஜெயிக்கறதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருந்தாத்தான் வக்கீல் குடுப்பீங்களாம். எனக்குப் பாதிக்குக் கீழயாம். ஏன் கெல்சி, ஜெயிக்கறது நிச்சயம்னா எனக்கு வக்கீல் எதுக்கு? குடை கேட்டு வந்தவகிட்ட, மழை வராதுன்னா தரேங்கற மாதிரி இருக்கு.

உன்னைத் திட்டலம்மா. நீ பாவம், என்ன பண்ணுவே.

விஷயம் இதான். பக்கத்து வீட்டு மால்கம் துவெய்ட் பின்பக்கம் ஒரு ரூம் கட்டினாரு. சுவரு சரியா என் கிச்சன் சன்னலுக்கு நேரா வந்து நிக்குது. அந்த சன்னலுக்குக் கீழதான் பாத்திரம் தேய்க்கிற தொட்டி. என் வீட்டுக்காரரு போனதுக்கு அப்புறம் நான் பாதி நாள் நிக்கறது அங்கதான். இப்ப மத்தியானமே லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கறேன்.

கட்டும்போதே சொன்னேனாவா? அதைத்தான் என் கேஸப் படிச்சுப் பாத்த உங்க கம்பெனி வக்கீலும் கேட்டாரு. எப்படிம்மா சொல்றது? ஒரு மனுஷன் வாசல்ல நின்னு, கையில வரைபடத்தை வச்சுக்கிட்டு, உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா, இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா? உங்கம்மா சொல்லுவாங்களா? ரொம்ப நல்லாருக்கு மால்கம், தாராளமா கட்டுங்கன்னேன். கட்ட வந்த ஆளுங்களுக்கு தினம் டீ போட்டுக் குடுத்தேன். பிஸ்கட்டு கூட நல்ல பிஸ்கட்டு, சாக்லேட்டு தடவினது. அது மரியாதைம்மா, சம்மதம் இல்ல. உங்க வக்கீல் அதைச் சம்மதம்னு எழுதிட்டாரு.

தெரியும், தெரியும். வெளிய ஒரு வக்கீலைப் பிடிச்சு, ஜெயிக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வந்தா மறுபடி பாப்பீங்க. அந்த வக்கீலுக்கு யாரு காசு குடுக்கறது? நான். வக்கீல் வைக்கக் காசில்லைன்னுதானே உங்ககிட்டயே வந்தேன்? நல்லா இருக்கு நியாயம்.

என்னது? அது... சுத்தியல் சத்தம். சாப்பிடப் போயிருந்தாங்க, மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. நான் தோட்டத்துல நிக்கறேன், உள்ள சிக்னல் வராது.

பக்கத்து வீட்லதான். இடிக்கறாங்க.

ஆமா. அந்த ரூமைத்தான்.

பிரச்சினை தீர்ந்துடுச்சேங்கறியா? தீர்ந்துடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன். எங்கிட்ட வாழ்த்துகள்னு மட்டும் சொல்லிடாதே கெல்சி.

போன வாரம் குப்பைத்தொட்டிய ரோட்டுக்கு இழுத்துட்டுப் போறேன், மால்கமும் அவர் தொட்டியோட வராரு. கிச்சன் ரொம்ப இருட்டாயிடலையேன்னு கேட்டாரு. கடுதாசி வந்த மறுநாள் அது, வயித்தெரிச்சல்ல இருந்தேன். சிரிச்ச முகமா சொன்னேன், விஷயம் இப்ப என் இன்சூரன்ஸ் வக்கீல்கள் கையில இருக்கு மால்கம், அவங்களே உங்ககிட்ட பேசுவாங்கன்னு. வக்கீல்கள்னு பன்மைல வேற.

பொய்தான். வேற என்ன?

மனுஷனுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவர் பாலிசில இந்த வக்கீல் செலவு சமாச்சாரம் கிடையாது. எங்கிட்டயே ஒரு தடவ சொல்லிருக்காரு, பாரத்துல அந்த வரிய வேணாம்னு அடிச்சுட்டேன்னு. வழக்குன்னு வந்தா வீடே போயிடும்னு நெனச்சிருப்பாரு. இன்னிக்குக் காலைல பெல் அடிச்சாரு. கதவத் திறந்தா, தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, மன்னிச்சுடுங்க கெய்னர், எடுத்துடறேன், உங்க வக்கீலுங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கங்கறாரு. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு! நன்றி மால்கம்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன்.

அப்பலருந்து உங்க லைன்லதான் இருக்கேன்.

கேஸ் போடறதுக்கு இல்லம்மா வக்கீல் கேக்கறேன். ஒரே ஒரு கடுதாசி, உங்க கம்பெனி தாள்ல. எங்க கட்சிக்காரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், இடிக்க வேண்டாம்னு ரெண்டு வரி. ஈமெயில் அனுப்பினாலும் சரி, இப்பவே அனுப்பினா கூரைய எடுத்ததோட நிறுத்திடுவாங்க. சுவர் இன்னும் முழுசா நிக்குது.

நானே போய்ச் சொல்றதா? இடையில ஒரு வேலிதான், எனக்குத் தெரியாதா? போய் என்னன்னு சொல்லுவேன்? வக்கீலே கிடையாது மால்கம், சும்மா மெரட்டினேன்னா? அதுக்கப்புறம் இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? வெக்கம் பிடுங்கித் தின்னுது கெல்சி. என் அம்மா இருந்திருந்தா என்னைக் காறித் துப்பிருப்பா.

அந்த ரெண்டு வரிக் கடுதாசியும் பாலிசில வராதா? சும்மா ஒரு விசாரிப்புன்னு போட்டுக்க முடியாதா? சரி. சரிம்மா. உன் மேல தப்பில்ல.

என்ன ரூமா? குளியலறை. சக்கர நாற்காலியோட உள்ள போறாப்புல. அவர் சம்சாரம் ஐரிசுக்குப் பக்கவாதம் வந்து மாடிலருந்து எறங்க முடியல. ரெண்டு வருஷமா ஸ்பாஞ்சால தொடச்சுத்தான் விடறாரு. அடுத்த வாரம் கீழ கொண்டு வரதா இருந்தாங்க.

ஐரிஸ் மேல சன்னல்ல உக்காந்து, இடிக்கறதப் பாத்துட்டிருக்கா. இப்ப என்னைப் பாத்துட்டா. நல்லா இருக்கற கைய ஆட்டறா. நானும்தான் ஆட்டிட்டு நிக்கறேன்.