சுத்தியல் சத்தத்துக்கு ஒரு தீர்மானம்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, அய்யா. நீங்கள் எழுத எழுத ஆடுகிறது. அட்டை ஏதாவது மடித்துக் கீழே செருகினால் நின்றுவிடும். இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சரி, உங்கள் இடம், நான் சொல்ல என்ன இருக்கிறது.

வாத்தியார் எப்படிச் செத்தார் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. நான் சொல்கிறபடியே எழுதுங்கள். எழுதினதை வாசித்துக் காட்டும்போது மட்டும் நீங்கள் வாசிக்க வேண்டாம், வெளியே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் போலீஸ் வாசிக்கட்டும். எனக்குப் படிப்பு கம்மி, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எழுதினவனே வாசித்துக் காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

நான் ஒரு கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவன். மூட்டை தூக்குகிறவன் முதல் மேனேஜர் வரைக்கும் கை வைக்கிற இடம் அது. ஆளை நம்பாதே, பூட்டை இழுத்துப் பார்த்து நம்பு என்று அங்கே படித்துக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான். வயசான பிறகு மகன் வாங்கின அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவனுக்குக் கப்பலில் வேலை. கீழ்த்தளத்து வீட்டில் நானும் மருமகளும்தான்.

குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் வேண்டும் என்று போன வருஷப் பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். அத்தனை பேரும் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். மூணாவது மாடி இன்சூரன்ஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், "விடுங்கப்பா, பெரியவருக்கும் பொழுது போகணும்ல." எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கட்டிடத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். மேல் தொட்டி நிறைந்து வழிந்து சுவரெல்லாம் பாசி. படிக்கட்டில் பாதி விளக்கு எரியாது. லிஃப்ட் நினைத்த இடத்தில் நிற்கும். உள்ளே மாட்டினவர் அவசர மணியை அடித்தால் அது வாட்ச்மேன் அறையில் அடிக்கும், அவன் அங்கே இருந்தால்தானே. எல்லாவற்றையும் நான் மாற்றினேன். மணியைக் கழற்றி என் வீட்டு ஹாலில் மாட்டச் சொன்னேன், கரண்ட் போனாலும் அடிக்கிற மாதிரி பேட்டரியோடு. லிஃப்ட் மெக்கானிக் வரும்போதெல்லாம் மொட்டை மாடி மெஷின் அறையில் அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் முறைத்தான். நான் நகரவில்லை. எது பிரேக், எது மெயின் சுவிட்ச், நடுவில் நின்றால் கையால் சக்கரத்தைச் சுற்றி எப்படி இறக்குவது, எல்லாம் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் பால் மாதிரி ஓடியது.

அந்த வருஷம் முழுக்கப் பெரிய புகார் என்றால் சுத்தியல் சத்தம்தான். நாலாவது மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி வீட்டை வாங்கி, தரையை எல்லாம் உடைத்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் டக் டக் என்று கட்டிடம் பூராவும் கேட்கும். அதைத் தவிர எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

இடையில் ஒரு வீட்டில் ஆள் இல்லாத நேரம் குழாய் உடைந்து தண்ணீர் கீழ்வீடு வரை இறங்கிவிட்டது. அதைக் காரணம் காட்டி வீட்டுக்கொரு மாற்றுச் சாவி வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன். ஒருத்தர் கூட மறுக்கவில்லை. நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அவர்கள் கொடுத்தார்கள்.

சாவி இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எதற்குச் சாவி? அவர்கள் வேலைக்குப் போன பிறகு போவேன். குழாய் சொட்டுகிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கொஞ்சம் உட்காருவேன். ஆள் இல்லாதபோதுதான் ஒரு வீட்டின் யோக்கியதை தெரியும். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், எந்தப் புருஷன் எந்த அறையில் தனியாகப் படுக்கிறான், எல்லாம் தெரியும். எதையும் எடுத்ததில்லை. ஒழுங்கில்லாமல் கிடந்தால் எடுத்து வைப்பேன். ஒரு வீட்டில் கொடியில் காய்ந்த துணியை மடித்து வைத்திருக்கிறேன்.

பொருள் இடம் மாறுகிறது என்று புகார் வந்தது. இன்சூரன்ஸ்காரர் பெண்டாட்டி வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் என் வாசலில் வந்து நின்று அழுதாள், "தாத்தா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று. அது அவர்கள் வீட்டு விவகாரம், சங்கம் தலையிட முடியாது என்று சொல்லி அனுப்பினேன். விதி அப்படித்தான் இருந்தது.

இப்போது வாத்தியாரைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இரண்டாவது மாடி. எனக்கு இளையவர், அண்ணே அண்ணே என்பார். சங்கத்து அறிவிப்பெல்லாம் நான் சொல்ல அவர்தான் எழுதுவார். எழுதினதை மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி நான் சரிபார்ப்பேன். அது அவருக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை. "அண்ணே, உங்க மருமக எனக்கு மார்க் போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எனக்கு ஒரு போன் போடுவார், "அண்ணே, லிஃப்ட் ஓடுதா?" நான் ஓடுது என்றால்தான் கதவைத் திறப்பார். அந்தக் கட்டிடத்திலேயே என் வார்த்தையை நம்பி ஏறி இறங்கின ஒரே மனுஷர்.

அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மனைவி அங்கே போயிருந்தார். இவர் ஆஸ்பத்திரிக்கு சோதனைக்குப் போன ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குள் இருந்தேன். சீக்கிரம் திரும்பிவிட்டார். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே, இங்க?"

"அடுப்பு பார்க்க வந்தேன்."

என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். "காபி போட்டுக் குடிச்சுப் பார்த்தீங்களாக்கும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு முகம் மாறியது. எதிரே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அந்த வேலைக்காரப் பொண்ணு... அதுவும் உங்களாலதானா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்களா விலகிடுங்கண்ணே. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். பராமரிப்ப ஒரு கம்பெனிக்கு விட்டுடலாம்னு மட்டும் கூட்டத்துல பேசறேன். சாவியெல்லாம் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம்."

நல்ல மனுஷர் பேச்சு என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லமாட்டேன் என்கிறவன்தான் சொல்வான், அய்யா. இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள். ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், நான் வருஷம் பூராவும் கட்டிக் காத்தது போய்விடும். அந்தக் கட்டிடத்தை எவனோ கம்பெனிக்காரனிடம் கொடுத்துவிட்டு, மருமகள் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கலாம் தம்பி என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷப் பொதுக்கூட்டமும் தலைவருக்கான ஓட்டெடுப்பும் ஒரு விடுமுறை நாள் காலையில், மொட்டை மாடியில். அன்று சாயங்காலம் வாத்தியார் பேரக்குழந்தையைப் பார்க்க ஊருக்குப் போவதாக இருந்தது. நான் முதலிலேயே மேலே போய் நாற்காலி போட்டேன். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் மட்டும் பாக்கி. போன் வந்தது.

"அண்ணே, லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுது தம்பி, வாங்க."

மெஷின் அறைக்குள் போய் நின்றேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் சுற்ற விட்டேன். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன். சக்கரம் நின்றது. கதவைப் பூட்டி, வழக்கம் போல இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போது என் எண்ணம் ஓட்டெடுப்பு முடிகிற வரைக்கும்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குள் செல்போன் எடுக்காது, அது ஊரறிந்த விஷயம். வாத்தியார் வரவில்லையே என்று ஒருத்தர் கேட்டார். பேரனைப் பார்க்கிற அவசரம், காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார் என்றேன். "பேரன் வந்தா சங்கமாவது ஒண்ணாவது" என்று இன்சூரன்ஸ்காரர் சொன்னார். சிரித்தார்கள்.

மருமகள் படியேறி வந்தாள். மூச்சு இரைத்தது. என் காதருகே குனிந்தாள்.

"மாமா, மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. லிஃப்டும் வரல."

"பசங்க விளையாடுதும்மா. லிஃப்ட நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன், எண்ணெய் போடணும். நீ போய் அந்த பேட்டரியக் கழட்டிடு."

"யாராவது உள்ள இருந்தா?"

"நான் பார்க்காமயா நிறுத்துவேன்?"

அவள் போனாள். நான் சொன்னால் செய்கிற பெண். அதற்குப் பிறகுதான் தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. மணி அடங்கிப்போனது அவருக்கு உள்ளே எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. லிஃப்ட் ஓடுகிற குழி வழியாக மேலே வந்தது, டக், டக், டக் என்று. செருப்பைக் கழற்றித் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் நாலாவது மாடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லீவு நாள்லயுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?"

"ஐயோ, எங்க வீட்ல இன்னிக்கு வேலையே இல்லைங்க. ஆளே வரல."

"அப்ப பேயா அடிக்குது?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மா எழுந்துவிட்டாள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. போனால் லிஃப்ட் கதவைத் தாண்டித்தான் போவாள். நான் சொன்னேன், "உக்காரும்மா. டைல்ஸ்காரன் காலைல என்கிட்டதான் சாவி வாங்கிட்டுப் போனான். உனக்குச் சொல்லாம வந்திருப்பான்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், சாவி என்னிடம்தானே இருக்கிறது. முகம் சிவந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அப்போதும் கீழேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.

விடுமுறை நாளில் கட்டிடத்துக்குள் சுத்தியல் வேலை கூடாது என்று ஒரு தீர்மானம் போடலாம் என்றார்கள். போட்டோம். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. அந்த அம்மாவும் தூக்கினாள். சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறின தீர்மானம் அது ஒன்றுதான். அதே வேகத்தில் என்னையே தலைவராக இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கம்பெனி பேச்சை எடுக்க ஆள் இல்லை.

கூட்டம் கலைந்தது. லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போகிறேன், படியில் போங்கள் என்றேன். பேசிக்கொண்டே இறங்கினார்கள். அத்தனை பேச்சில் யார் காதில் எது விழும். நான் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தேன். மெஷின் அறையைத் திறந்தேன்.

இந்த இடத்தை நிதானமாக எழுதுங்கள். வாத்தியார் அப்போது உயிரோடு இருந்தார். தட்டிக்கொண்டிருந்தார், விட்டு விட்டு. ஒரு தடவை "அண்ணே" என்ற மாதிரி கேட்டது. சுவிட்சில் கை வைத்தேன். மேலே தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கினால் வெளியே வருவார். வந்தால், ஓடுது என்று நான் சொன்னதைக் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையை எடுத்தேன். சக்கரத்தில் தூசி படிந்திருந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். சந்து பொந்தெல்லாம் விட்டுவிடாமல் துடைத்தேன். துடைத்து முடித்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரியைக் கழற்றினவள் மருமகள். அவளுக்கு எதுவும் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சோறு வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

ராத்திரியாகியும் அவர் வரவில்லை என்று வாத்தியார் மனைவி போன் செய்த பிறகு, சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்கினது நான்தான். முதலில் உள்ளே போய்த் தூக்கினதும் நான்தான். அழுதேன். பொய்யாக அழவில்லை.

லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்றுவிட்டது, பஸ் விஷயத்தில் கிழவனுக்கு ஞாபகப் பிசகு என்று அவர்களே முடிவு கட்டினார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நீங்கள் இன்று காலையில் மெக்கானிக்கைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். லிஃப்ட் கதவில் "பழுது" என்று காகிதம் ஒட்டியிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று படிக்கிறார்கள். பராமரிப்பு சரியில்லை, கிழவன் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான் என்று இன்சூரன்ஸ்காரர் படிக்கட்டில் நின்று பேசுகிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

வாத்தியாரைக் கொன்றது நான்தான். கையெழுத்து போடுகிறேன். ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லுங்கள். என் பொறுப்பில் இருந்த வருஷம் பூராவும் அந்த லிஃப்ட் ஒரு நாள் கூடத் தானாக நின்றதில்லை.