மூன்றாவது வக்கீல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, என் தம்பி, தம்பி மனைவி, அரசு இலவசமாக அமர்த்திய வக்கீல் அம்மா. நல்ல பெண். குடையை வெளியே உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே முதல் முறை தவறு செய்த ஏழை, இலவச வக்கீலுக்காகக் கால் கடுக்க நிற்பான். பழைய குற்றவாளி வழி தெரிந்தவன். வந்த உடனே ஒருவரைப் பிடித்துக்கொள்வான். திரும்பத் திரும்பத் திருடுகிறவனுக்கு எதற்கு இந்தச் சலுகை? கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் தம்பி மகனே அப்படி ஒருவன். குழாய் வேலை கற்றவன், தனியே அறை எடுத்து இருந்தான். திருட்டுக்காக இரண்டு முறை உள்ளே போய் வந்தான். இரண்டு முறையும் இலவச வக்கீல். இப்போது ஒரு கடைப் பூட்டை உடைத்ததாக வழக்கு. இவர் மூன்றாவது வக்கீல்.

"ஐயா, அன்னைக்கு சாயங்காலம் பூரா இந்த வீட்ல குழாய் ரிப்பேர் பண்ணிட்டிருந்ததா சொல்றான். அம்மா அப்பா சொன்னா கோர்ட் நம்பாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எங்கள் வீட்டில், வெளியார் முன்னால் மூத்தவன் பேசிய பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அவன் சொன்னதை மறுக்க மாட்டார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் இந்தப் பக்கமே வரலம்மா," என்றேன்.

தம்பி மனைவி எழுந்தாள். "மாமா..."

"உள்ள போம்மா. வக்கீலுக்கு காபி போடு."

போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

வக்கீல் விடவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்க ஐயா. அவன் வாழ்க்கை."

"யோசிச்சுதான் சொல்றேன். எங்க குடும்பத்துல பொய் சொல்ற வழக்கம் இல்ல."

மூன்றாவது முறை என்பதால் ஏழு வருடம் சிறை. இனி அவனால் எங்களுக்குத் தலைகுனிவு இல்லை. தம்பி மனைவி என்னோடு பேசுவதில்லை, மரியாதை தெரிந்தவள்.

தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது: இலவச வக்கீல்தானே, ஏனோதானோவென்று வாதாடிப் பையனை மாட்டவிட்டார் என்று. அது தவறு. அவர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார். கடைப் பூட்டு உடைந்த அன்று சாயங்காலம் முழுக்க அவன் எங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில்தான் படுத்திருந்தான். டார்ச் பிடித்தவன் நான். "நேரா பிடிங்க பெரியப்பா, திருடன் வந்துட்டான்னு பக்கத்து வீட்ல பயந்துக்கப் போறாங்க," என்று சிரித்தான். குழாய் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.