இன்னொரு முழுக்கு

— பேசாதக்கா, பல்லு தந்தியடிக்குது உனக்கு. முதல்ல இந்தக் கம்பளியப் போத்திக்க.

— ஈர உடுப்பு மேல கம்பளியா? மறுபடி இறங்கும்போது அத வேற யாரு கழட்டறது. சிலிண்டர இங்க தள்ளு.

— காத்து அடிக்குது பாரு. படகுல இப்படியே உக்காந்தா உடம்புல இருக்கிற சூடும் போயிடும். கையுறைக்குள்ள கொஞ்சம் வெந்நீர் ஊத்தவா?

— ஊத்து. ம்... அப்பாடா. இப்பத்தான் விரல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியுது.

— அப்ப இவ்வளவு நேரம் தெரியலையா?

— ஆரம்பிச்சுட்டியா தொணதொணன்னு. மோட்டாரக் கண்டுபிடிச்சுட்டேன்டா. ரெண்டு பாறைக்கு நடுவுல தலைகீழா சொருகிட்டு நிக்குது. மிதவை நூல அதுல கட்டியிருக்கேன். நூலப் புடிச்சிட்டே இறங்கி, பெரிய கயித்த மாட்டிட்டா நீயே இழுத்துடலாம்.

— நாளைக்கு மாட்டிக்கலாமே.

— விடிஞ்சா உங்க மாமா ஊர்ல இருந்து வந்து நிப்பார். படகுல மோட்டார் எங்கடான்னு கேட்டா என்ன சொல்லுவ? திருகாணிய முறுக்க மறந்துட்டேன், ஏரி முழுங்கிடுச்சுன்னா?

— சொல்லித்தானே ஆகணும்.

— சொல்லுவான் இவன். துடுப்பு உடைஞ்சதுக்கே வீட்டுப் பக்கம் தலைகாட்டாம ஓடி ஒளிஞ்ச ஆளு. இனிமே என் படகத் தொடாதன்னு மனுஷன் சொல்லிட்டார்னா பொழைப்புக்கு எங்கடா போவ?

— அத விடு. உன் தலைக் குல்லா எங்க?

— கழுத்துப் பக்கம் தண்ணி பூந்துட்டே இருந்துச்சு, கழட்டிட்டேன். அது இல்லாமயே போறேன்.

— இந்தத் தண்ணில குல்லா இல்லாமயா?

— சீக்கிரம்டா. காத்து படகத் தள்ளிட்டே இருக்கு. அந்த நூலு போச்சுன்னா மோட்டாரும் போச்சு. கீழ ஒரே கலங்கல், திரும்பத் தேடினா ஆப்புடாது. என்ன ஏன் அப்படிப் பாக்கற? நடுக்கமெல்லாம் நின்னுடுச்சு, ஜம்முனு இருக்கேன்.

— வெந்நீர் ஒரு வாய் குடிக்கல, கம்பளி போத்தல. அப்புறம் எப்படிக்கா நின்னுச்சு? சூடு ஏறாம நடுக்கம் நின்னா ஆபத்துன்னு முக்குளிக்கக் கத்துக்க வர்றவங்ககிட்ட நீதானே சொல்லுவ?

— அது அவங்களுக்குடா. நான் என்ன நேத்துதான் தண்ணியப் பாத்தவளா?

— கட்டைவிரலால சுண்டுவிரலத் தொடு.

— பெரிய டாக்டரு.

— தொடுக்கா.

— இரு... வழுக்குது... ந்தா, தொட்டுட்டேன். போதுமா?

— அது மோதிரவிரல்.

— கையுறை தடிமன்டா, அதுதான். சரி நகரு. மிதவை எந்தப் பக்கம் கிடக்கு? என் கண்ணுக்கு ஒண்ணும் ஆப்புடல.

— என் காலுக்குக் கீழ கிடக்கு. நீ விரலத் தேடிட்டு இருந்தப்பவே நூல அறுத்துட்டேன்க்கா.