பக்கத்து சீட்டு பிரேக்

இல்ல மேடம், டெஸ்டிங் பண்ணவங்க பேரு எப்பவும் வராது. ஒரு புரோகிராம வெளியிடறப்போ நன்றின்னு ஒரு பட்டியல் போடுவாங்க. அதுல எழுதினவன் வருவான், எழுதினவனுக்கு மேல இருக்கறவன் வருவான், அவனுக்கும் மேல இருக்கறவரு ஒரு வரிகூட எழுதாம முதல் வரியில வருவாரு. எங்க பட்டியல்ல முகப்புப் படம் வரைஞ்சு குடுத்த மேனேஜரோட மச்சான்கூட இருக்காரு. இது எங்க உடையும்னு உட்கார்ந்து உடைச்சு உடைச்சுப் பார்த்தவ மட்டும் இருக்க மாட்டா. நான் ரெண்டாவது பேரு, அதனால தைரியமா நியாயம் பேசறேன்.

சரி சரி, கண்ணாடி. பார்த்துட்டேன். இண்டிகேட்டர் போட்டுட்டேன். ஓ, இது வைப்பரா? மழை வந்தா உதவும்.

ஒன்பது நாளா கிளாஸுக்கு வரேன், இன்னிக்குத்தான் என்ன வேலைன்னு கேட்டீங்க. நான் ரிவியூ பண்றவ. மத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கறது. சம்பளத்தோட மாமியார் உத்தியோகம். இருபத்திரெண்டு வருஷ அனுபவம். நாக்கு எனக்குக் கொஞ்சம் நீளம், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். என் ரிவியூ வந்தா படிக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுட்டு வருவாங்களாம். அத நான் பெருமைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க.

ரெண்டாவது கியரா? போட்டேனே. நாலாவதா அது? வண்டி ஏன் இருமுதுன்னு பார்த்தேன்.

இப்போ ஒரு லைப்ரரி வெளியிடறோம். லைப்ரரின்னா புத்தகம் அடுக்கற எடம் இல்ல மேடம். ஒரு வேலைய ஒருத்தர் ஒழுங்கா எழுதி வெச்சா, மத்தவங்க எல்லாரும் அத எடுத்துத் தங்களோட புரோகிராம்ல மாட்டிக்கலாம், அந்த மாதிரி. எங்களோடது என்ன பண்ணும்னா, ஆஸ்பத்திரியில ஒரே ஆளுக்கு மூணு ஃபைல் இருக்கும் இல்லியா? ஒண்ணுல முழுப் பேரு, ஒண்ணுல பாதிப் பேரு, ஒண்ணுல அவசரத்துல எழுதின தப்புப் பேரு. அந்த மூணும் ஒரே ஆளா, வேற வேற ஆளான்னு பார்த்து, ஒரே ஆள்னா சேர்த்து வெக்கும். பதிமூணு வருஷமா எங்க கம்பெனிக்குள்ள மட்டும் ஓடிச்சு. இப்போ ஊருக்கே இலவசம். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திறந்து பார்க்கலாம்.

திறந்து பார்க்கலாம்ங்கறதுதான் எங்களுக்குப் பயம். வீட்டுக்கு ஆள் வராங்கன்னா அழுக்குத் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளுவோமே, அந்த வேலை ஆறு வாரம். பொறுப்பு நான். என்னென்ன கெடைச்சுதுன்னு கேளுங்க. நாலு பாஸ்வேர்டு. மேனேஜரப் பத்தி அழகா எதுகை மோனையோட ஒரு வசவு. யாரோ ஒரு விவாகரத்து வக்கீலோட போன் நம்பர். இது ஏன் வேலை செய்யுதுன்னு புரியல, தயவு செஞ்சு தொடாதீங்கன்னு ஒரு கும்பிடு. எல்லாத்தையும் கூட்டி வாரினேன்.

அப்போதான் அந்த நாப்பது வரி கண்ணுல பட்டுச்சு. பொறந்த தேதி ஜனவரி ஒண்ணுன்னு இருந்தா அந்தத் தேதிய நம்பாதே, வேற உறுதியான அடையாளம் இல்லாம ரெண்டு ஃபைலயும் சேர்க்காதே, ஒரு மனுஷனக் கூப்பிட்டுக் கேளு. அவ்வளவுதான். எழுதினவருக்கு ஜனவரி ஒண்ணாம் தேதியோட என்ன பகையோ, அன்னிக்குத்தான் கல்யாணம் ஆச்சோன்னு நெனச்சேன். மேல ஒரு குறிப்பு வேற இருந்துச்சு. சந்தேகம்னா நிறுத்து, சேர்த்தத அப்புறம் பிரிக்க முடியாதுன்னு.

என்ன மேடம், நீங்க ஏன் பிரேக் போட்டீங்க? எதிர்ல யாரும் வரலியே. நாய்கூட இல்ல. சரி, பரவாயில்ல, என்னப் பார்த்தா யாருக்கும் கால் தன்னால பிரேக்குக்குப் போகும். மறுபடி ஸ்டார்ட் பண்றேன்.

அந்த நாப்பது வரியத் தூக்கிட்டேன். தூக்கின உடனே ஒரு டெஸ்ட் தோத்துப்போயி சிவப்பாச்சு. அந்த நாப்பது வரி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்குன்னே யாரோ எழுதி வெச்ச டெஸ்ட். அறிவுள்ளவ என்ன பண்ணுவா? ஏன் சிவப்பாச்சுன்னு யோசிப்பா. நான் அந்த டெஸ்டையும் தூக்கிட்டேன். எல்லாம் பச்சை. அன்னிக்கு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன் மேடம், ரெண்டு கரண்டி போட்டு.

கடைசியா ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கணும். அசல் நோயாளிங்க விவரத்தப் போடக் கூடாது, சட்டம். அதனால என் வீட்டு ஆளுங்களையே போட்டேன். நான், எங்க வீட்டுக்காரரு, எங்க அம்மா, எங்க மாமியார். ரெண்டு அம்மாவும் எங்ககூடத்தான் இருக்காங்க. ஒருத்தர் மாடி, ஒருத்தர் கீழ. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. கல்யாணம் பேசினப்போ அதையே பெரிய பொருத்தம்னு சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சேர்ந்து சிரிச்சதில்ல.

பட்டனத் தட்டினேன். நாலு பேர உள்ள அனுப்பினேன், மூணு பேர் வெளிய வந்தாங்க.

ஆமா மேடம், சிரிங்க. நானும் சிரிச்சேன். இருபது வருஷமா ஒரே சோபாவுல பத்து நிமிஷம் உட்காராத ரெண்டு பேர என் புரோகிராம் ஒரே ஆளாக்கிடுச்சு. பேரு ஒண்ணு, விலாசம் ஒண்ணு, வீட்டு போன் நம்பர் ஒண்ணு. பொறந்த தேதி? ரெண்டு பேருக்குமே என்னிக்குப் பொறந்தாங்கன்னு தெரியாது. பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ யாரோ ஒரு வாத்தியார் கைக்கு வந்தத எழுதினாரு. ஜனவரி ஒண்ணு. அதே வருஷம். அந்தத் தலைமுறையில தேதி தெரியாதவங்க எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுதான். வருஷா வருஷம் அன்னிக்கு எங்க அம்மாவுக்குக் கேக் வெட்டறவ யாரு? நான். அந்த நாப்பது வரியப் படிச்சப்போ எனக்கு உறைக்கவே இல்ல. படிச்ச பொம்பள, ரெண்டு பட்டம் வேற.

இங்க திரும்பணுமா? லெஃப்டா? எந்த லெஃப்ட், என்னோடதா உங்களோடதா? ரெண்டும் ஒண்ணுதானா, சரி.

அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. மாமியாருக்கு மாசாமாசம் ஒரு ஊசி போடறாங்க. அதே மருந்த ஒரு தடவ எங்க அம்மாவுக்குப் போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைச்சு, நான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு வராந்தாவுல கத்தினேன். அதுலேருந்து அவங்க ஃபைல்ல சிவப்பு எழுத்துல எழுதியிருக்கும், இத மட்டும் போடாதீங்கன்னு. ரெண்டு ஃபைலச் சேர்த்தா எது புதுசோ அது மட்டும் தங்கும். மாமியாரோடது புதுசு. ஊசி ஃபைல்ல தங்கிடுச்சு. சிவப்பு எழுத்து காணோம்.

இல்ல மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. என் மேஜையிலதான் நடந்துச்சு. ஆனா நான் கவனிக்காம விட்டிருந்தா மூணு வாரத்துல அது ஊர் ஊரா போயிருக்கும். எத்தன வீட்டு அம்மாக்களோ. அம்மாவுக்குப் போன் பண்ணேன், எப்படிம்மா இருக்கேன்னேன். உன் மாமியார் டிவிய சத்தமா வெச்சிருக்காங்க, அத வந்து கேளுன்னாங்க. ரெண்டு பேரும் தனித்தனியா இருக்காங்கன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

நாப்பது வரியத் திரும்பப் போட்டேன். யாரு எழுதினதுன்னு தேடினேன். எங்க வேலையில ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு. எந்த வரிய யார் என்னிக்கு எழுதினாங்க, யார் வேணாம்னாங்க, யார் சரின்னாங்க, எல்லாம் அப்படியே பதிஞ்சிருக்கும். பேருக்கு பதிலா மூணு எழுத்து மட்டும் இருந்துச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கிளையில, ஒப்பந்தத்துல டெஸ்டிங் பண்ண வந்த ஒரு பொண்ணு. எழுதறது அவ வேலையே இல்ல. ஆனா பார்த்திருக்கா, கேட்டிருக்கா, யாரும் காது குடுக்கலன்னு தானே உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கா. ஒரு ரிவியூவர் வேணாம்னு திருப்பி அனுப்பினா. இந்தப் பொண்ணு திருத்தி அனுப்பினா, மறுபடி வேணாம். மூணாவது தடவையும் வேணாம். நாலாவது தடவ அனுப்பினப்போ அந்த ரிவியூவர் லீவு. அவ எடத்துல இருந்த நல்ல மனுஷன் ஒருத்தர் சரின்னுட்டாரு. அந்த ஒரு வார லீவாலதான் பதினோரு வருஷமா எத்தனையோ பேரு ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க.

அவங்க என்ன ஆனாங்கன்னா கேக்கறீங்க? சொல்றேன். முதல்ல இந்த வேகத்தடையத் தாண்டிக்கறேன். கிளட்ச், மெதுவா, ஹாங். பார்த்தீங்களா, வண்டி நிக்கல!

மேனேஜர்கிட்டப் போய், இவ பேரப் பட்டியல்ல போடணும்னேன். யாரு அதுன்னாரு. அந்தம்மா கையெழுத்துப் போட்டு சம்மதம் குடுக்காம அவங்க எழுதினத வெளியிட முடியாது, வக்கீல் விட மாட்டாரு, நீங்களே உங்க வார்த்தையில திருப்பி எழுதிடுங்க, ஒரு மணி நேர வேலைதானேன்னாரு. ஹிஸ்டரி இருக்கேன்னேன். அதுவா, அதத்தான் சுருட்டப் போறோமே அப்படின்னாரு. எல்லா கம்பெனியும் பண்றதுதான் மேடம். வெளியிடறதுக்கு முன்னாடி பழைய பதிவு எல்லாத்தையும் ஒண்ணா சுருட்டி, இன்னிக்குத்தான் எழுதி முடிச்ச மாதிரி ஒரே பதிவா போட்டுடுவாங்க. யாரு எழுதினது, யாரு திட்டினது, ஒண்ணும் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே பொறந்த தேதி. எங்க லைப்ரரிக்கே ஜனவரி ஒண்ணு போடறோம்னேன். அவருக்குப் புரியல.

இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளியீடு. நான் சரின்னு ஒரு டிக் போட்டாத்தான் போகும். டிக் இன்னும் போடல.

இங்கயே ஓரமா நிறுத்தவா? நான் நிறுத்தறேன், நீங்க மிதிக்காதீங்க. ஹேண்ட்பிரேக். இந்த ஒண்ணு மட்டும் எனக்கு நல்லா வருது.

எங்க ஆபீஸ் வாசல்ல வர்றவங்க பேர எழுதிக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. முன்னாடி அந்தக் கிளையில இருந்தவங்க. மூணு எழுத்தச் சொன்ன உடனே, அந்தப் பொண்ணா, எங்க தங்கச்சிக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவதானேன்னாங்க. விலாசமும் குடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பச்ச போர்டு.

நான் முத நாளே சொல்லணும்னுதான் மேடம் வந்தேன். கதவத் திறந்தேன், நீங்க நிமிர்ந்து பார்த்து, கத்துக்கணுமான்னு கேட்டீங்க. ஆமான்னுட்டேன். எனக்குக் கார் வாங்கற எண்ணமே இல்ல. ரெண்டாவது நாள் சந்தில, சந்தேகம்னா நிறுத்துங்க, அப்புறம் யோசிக்கலாம்னு சொன்னீங்க. எனக்கு ஸ்டியரிங் வழுக்குச்சு. உங்களுக்கு என் முகம் தெரியாது, நாம பார்த்துக்கிட்டதே இல்ல. ஒன்பது நாளா உங்க பக்கத்துல உட்கார்ந்து மரத்துலயும் சுவத்துலயும் மோதப் பார்த்தேனே ஒழிய, வாயத் திறக்கல. இன்னிக்குக்கூட, லைப்ரரின்னா என்னன்னு உங்களுக்கே விளக்கம் சொல்லிக்கிட்டு வரேன்.

பைக்குள்ள ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணு, உங்க பேரு முதல் பக்கத்துல வர சம்மதம்னு. இன்னொண்ணு, ஹிஸ்டரியச் சுருட்டாம முழுசா வெளிய விட. இந்த ரெண்டாவது தாளுக்கு மேனேஜர் முறைப்பாரு, முறைக்கட்டும். சுருட்டினா லாபம் எனக்குத்தான், அதையும் சொல்லிடறேன். ஏன்னா வேணாம்னு நான் எழுதின அந்த மூணாவது பதிலும் அதுலதான் இருக்கு. வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இல்ல. மறந்தே போயிருந்தேன். போன மாசம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கார் ஓட்டத் தெரியாதவங்கதான் எப்பவும் பிரேக்ல கால வெச்சுக்கிட்டே இருப்பாங்க, பயந்து பயந்து எழுதறத விட்டுட்டு உங்க டெஸ்டிங் வேலையப் பாருங்கன்னு.

அத எழுதினப்போ எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

வேணாம்னா வேணாம் மேடம், தாளக் கிழிச்சுடுங்க. ஆனா அந்த நாப்பது வரிய நான் என் வார்த்தையில எழுத மாட்டேன். அது இல்லாம டிக்கும் போட மாட்டேன். இந்தத் தொழிலுக்கு நீங்க என்னாலதான் வந்தீங்களான்னு கேக்கற தைரியம் இல்ல, கேக்கல.

என்ன ஆனாங்கன்னு கேட்டீங்களே, உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போறேன். இருந்தாலும் எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியணும். அந்த மாசக் கடைசியில ஒப்பந்தம் முடிஞ்சுது. புதுப்பிக்கல. அவ ஃபைல்ல என் மூணு பதிலையும் நகல் எடுத்து வெச்சிருந்தாங்க. ரெண்டு வருஷம் எங்க போயும் டெஸ்டிங் வேலை கெடைக்கல. லைசென்ஸ் எடுத்தா. ஒரு பழைய கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வெச்சா. ஒன்பது வருஷமா இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருக்கா. ஒரு விபத்துகூட இல்ல.