ஒளி வளைந்த அளவு

ரமணி: ...கட்டின புருஷனுக்கே புரியலன்னா, இன்னிக்கு யூனிவர்சிட்டியில நான் எப்படிப் பேசுறது?

சேது: இரு லா. கோலா சிலாங்கூர் தாண்டுறதுக்குள்ள மூணாவது செம்பனைக் குலை ஏத்தின லோரி... ம், தாண்டியாச்சு. சொல்லு. தராசு இல்லாம எப்படி எடை போட்ட?

ரமணி: ஆயிரம் கேலக்ஸி ஒண்ணா சேர்ந்த கூட்டம் இருக்கு. பயங்கர கனம். அதுக்குப் பின்னால, ரொம்பத் தூரத்துல, வேற கேலக்ஸிங்க. அதுங்க வெளிச்சம் இந்தக் கூட்டத்தத் தாண்டி வர்றப்ப...

சேது: மறைச்சிடுமா?

ரமணி: வளையும். டெலஸ்கோப் படத்துல லேசா இழுத்து விட்ட மாதிரி தெரியும். எவ்ளோ வளைஞ்சிருக்குன்னு அளந்தா கூட்டத்தோட எடை தெரிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாத பொருளோட எடையும் சேர்த்து.

சேது: அதத்தான் உங்க ப்ரொபசர் எப்பவோ அளந்துட்டாரே?

ரமணி: கூட்டத்துக்குள்ளயே இருக்கிற கேலக்ஸிங்களையும் பின்னால இருக்குன்னு சேர்த்துட்டாரு. அதுங்க வெளிச்சம் வளையாதுல்ல...

சேது: நல்லா ஆத்தின தே தாரிக் டீயில தண்ணி ஊத்தின மாதிரி.

ரமணி: ஐயோ, அதேதான்! வளைவு கம்மியா தெரிஞ்சுது, எடையும் கம்மியாயிருச்சு. எது கூட்டத்துக்குள்ள இருக்குன்னு நிறத்த வச்சுப் பிரிச்சு, அதுங்கள கணக்குலேருந்து நீக்கிட்டேன். எடை மூணுல ஒரு பங்கு கூடிருச்சு.

சேது: ஒருவேள நீ தப்பா...

ரமணி: இல்லங்க. வேற டெலஸ்கோப் படத்துலயும் அளந்துட்டேன். அதே எடை.

சேது: அவர் முன்னாலயே சொல்லப் போறியா?

ரமணி: முன் வரிசையிலதான் உக்காருவாரு. நல்லாவே கேக்கும்.

சேது: ம்...

ரமணி: என்ன ம்? அப்பலேருந்து உங்க முகமே சரியில்ல.

சேது: நேத்து நான் ராவாங் ஃபேக்டரியில இருக்கறப்ப போன் பண்ணாரு.

ரமணி: யாரு... அவரா?

சேது: "இந்தப் புது எடைய வெளியில சொல்ல வேணாம்னு ரமணிகிட்ட சொல்லுங்க, அடுத்த வருஷமும் வேலை தர்றேன்"னாரு.

ரமணி: நீங்க என்ன சொன்னீங்க?

சேது: "அவ அளந்தா சரியாத்தான் சார் இருக்கும்"னேன். டப்புன்னு வச்சிட்டாரு. பேசப் போற நேரத்துல நீ பதறுவியேன்னு சொல்லல... இப்ப என்ன, காடிய வந்த வழியே வீட்டுக்குத் திருப்பவா?

ரமணி: நேரா போங்க. என்கிட்டயும் போன வாரம் அதையேதான் சொன்னாரு. அன்னிக்கே கட்டுரைய என் பேர் மட்டும் போட்டு ஜர்னலுக்கு அனுப்பிட்டேன்... வேலை போகப் போகுதுன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதாங்க தெரியாம இருந்தேன்.