கிழக்கு வட்டாரத்து வெள்ளைக்காரன்

"கயிறிழுத்தலில எங்கட கிழக்கு வட்டாரத்துக்கு இந்த முறை ஒரு வெள்ளைக்காரன் இழுக்கிறான்."

மெட்ரோ ரயில் ஜான்-டலோன் நிலையத்தை விட்டுப் புறப்பட்டபோது முன் இருக்கைக்காரர் சொன்னார். அவர் மடியில் தடித்த கயிறொன்று சுருண்டு கிடந்தது. நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் சந்தைப் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆர் அண்ணை அவன்?"

"எங்கட வட்டாரத்துப் பிள்ளையைக் கட்டின கியூபெக் பெடியன். ஹொக்கி விளையாடுறவன். ஆள் அலுமாரி மாதிரி."

"எங்கட ஊர்ச் சங்கப் பிக்னிக்கில எங்கட தீவு ஆக்கள்தானே இழுக்கலாம்? அவன் பிறந்தது இஞ்சையெல்லோ?"

"பிறந்த இடத்தை விடு. எங்கட தீவில என்ன வழக்கம்? கலியாணம் கட்டின ஆம்பிளை பொம்பிளை வீட்டில போய் இருப்பான். பேந்து அவன் அவளின்ர வட்டாரம்தான். போன கூட்டத்தில நான்தான் எழும்பிக் கதைச்சனான். எல்லாரும் கையுயர்த்தி ஓமெண்டிட்டினம்."

"அப்ப அது இனிச் சங்கத்தின்ர சட்டம்?"

"சட்டந்தான். எல்லாருக்கும் பொது."

"நல்லது அண்ணை. அண்ணி எந்த வட்டாரம்?"

அவர் கயிற்றின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேற்கு."

"நானும் மேற்குதான். சனிக்கிழமை காலமை எங்கட ஆக்களுக்குப் பயிற்சி இருக்கு, மறக்காமல் வாங்கோ. முன்னுக்கு உங்களைத்தான் விடுவம். எதிரில நிக்கப்போறது அந்த அலுமாரி."